நிற்கும் காருக்கு யார் வாடகை கொடுப்பது?

சான் பிரான்சிஸ்கோவில் சந்தை விலைக்கு வீடு பிடிக்க வழியில்லாத குடும்பங்களுக்காக, புதிய அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த விலைக்கு ஒதுக்கும் ஏற்பாடு இருக்கிறது. வீடுகள் கொஞ்சம், விண்ணப்பங்கள் ஏராளம் என்பதால் குலுக்கல் நடக்கும். சீட்டு விழுந்தவர் தெருவையும் கட்டடத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை. கிடைத்த வீட்டில் குடியேறுவார். அந்தக் கட்டடங்களில் சிலவற்றில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் உண்டு, சிலவற்றில் பாதி வீடுகளுக்குத்தான் உண்டு, சிலவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆடம் மில்லார்ட்-பால் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இப்படி வீடு பெற்றவர்களை விசாரித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டுக்கு ஒரு இடமாவது உள்ள கட்டடங்களில் கார் வைத்திருக்கும் குடும்பங்களின் விகிதம், இடமே இல்லாத கட்டடங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பேருந்தும் ரயிலும் அருகில் இருப்பதைவிட, கட்டடத்தில் கார் நிறுத்த இடம் இருப்பதே கார் வாங்குவதை அதிகமாகத் தீர்மானித்தது. இடம் கிடைக்காதவர்களுக்கு வேலை வாய்ப்பு குறைந்ததாகவும் தெரியவில்லை.

இந்த ஆய்வின் அருமை குலுக்கலில்தான் இருக்கிறது. பார்க்கிங் அதிகமுள்ள பகுதியில் கார்களும் அதிகம் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. காரில் போக விரும்புகிறவர்கள் கார் நிறுத்த வசதியுள்ள வீடாகப் பார்த்துப் போகிறார்கள் என்று ஒருவர் சொன்னால் வாயடைத்துப் போகும். குலுக்கல் இந்தத் தேர்வை ஆட்களின் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது. ஒரே மாதிரியான குடும்பங்கள், தற்செயலாக வேறு வேறு கட்டடங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. அதன்பிறகு அவர்களிடையே தெரியும் வேறுபாட்டுக்குக் கட்டடத்தைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டியிருக்கும். மருந்துச் சோதனைகளில் வழக்கமான இந்த ஒழுங்கு நகர ஆய்வில் அபூர்வமாகவே வாய்க்கிறது.

கார்கள் பெருகின, அதனால் நிறுத்த இடம் தேவைப்பட்டது என்றே நாம் கதையைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். சான் பிரான்சிஸ்கோவின் தரவு அதைத் திருப்பிப் போடுகிறது: நிறுத்த இடம் கொடுக்கப்பட்டது, அதனால் கார்கள் வந்தன. இரண்டும் ஓரளவு உண்மைதான். ஆனால் சட்டம் போடுகிறவர்கள் முதல் கதையை மட்டும் நம்பியதால்தான் கடந்த நூறு ஆண்டுகளில் பல நகரங்கள் இன்றுள்ள உருவத்துக்கு வந்தன. ஒரு கார் தன் ஆயுளில் ஏறக்குறைய 95 சதவீத நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஓடும் காரைப் பற்றி எவ்வளவோ விவாதிக்கிறோம்; நகரத்தின் நிலத்தைத் தின்பது பெரும்பாலும் நிற்கும் கார்.

அமெரிக்காவில் இதற்கு இரண்டு வழிகள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பிறந்தன. 1923இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம், அடுக்குமாடி கட்டுகிறவர் கார் நிறுத்தவும் இடம் விட வேண்டும் என்று விதித்தது. 1935இல் ஓக்லஹோமா சிட்டியில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்டது. ஐந்து சென்ட் நாணயம் போட்டால் ஒரு மணி நேரம். ஒன்று இடத்தைக் கட்டாயப்படுத்தியது, மற்றது இடத்துக்கு விலை வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல் வழி ஊர் ஊராகப் பரவியது. வீட்டுக்கு இத்தனை, கடையின் பரப்புக்கு இத்தனை, உணவகத்துக்கு இத்தனை என்று அட்டவணைகள் வந்தன. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் தோண்டிப் பார்த்தார். 2005இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தின் மையமே இந்தக் கேள்விதான். பொறியாளர்கள் கணக்கெடுத்தது பெரும்பாலும் புறநகர்க் கட்டடங்களில். பார்க்கிங் இலவசமாக இருந்த, பேருந்து வசதி அரிதாக இருந்த இடங்களில். அதுவும் கூட்டம் உச்சத்தில் இருந்த நேரத்தில். அந்த எண்ணை எடுத்து விதியாக்கினார்கள். விதிப்படி இடம் பெருகியது, பெருகியதால் அதற்கு விலை வைக்க முடியவில்லை, விலை இல்லாததால் எல்லோரும் காரில் வந்தார்கள், அடுத்த கணக்கெடுப்பில் எண் பொருத்தமாகவே இருந்தது. ஒரு விதி தனக்கான சான்றைத் தானே உற்பத்தி செய்துகொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஒரு கார் நிற்பதற்கு மட்டும் ஏறக்குறைய 135 சதுர அடி வேண்டும். கட்டடத்துக்குள் என்றால் உள்ளே வர, திரும்ப, வெளியே போக வழியும் சேர்த்து 300 சதுர அடியைத் தொடும். அந்த அளவில் ஒரு சிறு குடித்தனமே நடத்திவிடலாம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2010 நிலவரப்படி 1 கோடியே 86 லட்சம் நிறுத்துமிடங்கள் இருந்ததாகவும், நகராட்சிகளுக்கு உட்பட்ட நிலத்தில் 14 சதவீதம் அவற்றுக்கே போனதாகவும் மைக்கேல் செஸ்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கிட்டார்கள். இந்த நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் ஆன செலவு ஆவியாகிவிடுவதில்லை. கார் ஓட்டுகிறவர் அதை வாசலில் கட்டாததால், வாடகையாகவும் கடைப் பொருளின் விலையாகவும் எல்லோரும் கட்டுகிறார்கள். சாப்பாட்டு விலையில் பாயசத்தையும் சேர்த்துவிட்டால் சர்க்கரை நோயாளியும் அதற்குக் காசு கொடுத்துத்தான் எழுந்திருக்க வேண்டும். பார்க்கிங்கில் நடப்பதும் அதுதான். அமெரிக்காவில் வாடகை வீட்டோடு சேர்ந்து வரும் மூடிய கார் நிறுத்தத்தால் ஆண்டுக்கு 1,700 டாலர் அளவுக்கு வாடகை கூடுகிறது என்று 2017இல் காபே, பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். காரே இல்லாத சுமார் 7 லட்சம் குடும்பங்கள் அந்தத் தொகையைச் சுமந்துகொண்டிருந்தன.

பார்க்கிங் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் வழக்கமாக வேறொரு எண்ணை முன்னால் வைப்பார்கள்: நகர நடுப்பகுதியில் ஓடும் வாகனங்களில் 30 சதவீதம், நிறுத்த இடம் தேடிச் சுற்றும் வாகனங்கள் என்று. அந்த எண்ணை நான் நம்பி வாதாட மாட்டேன். 1927 முதல் 2001 வரை பல நகரங்களில் நடந்த 16 ஆய்வுகளின் சராசரியாக ஷூப் தொகுத்தது அது; தேடல் அதிகம் என்று ஏற்கனவே தெரிந்த தெருக்களிலேயே அந்த ஆய்வுகள் நடந்தன. அவரே அதை எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லவில்லை, மேற்கோள் காட்டியவர்கள்தான் சொன்னார்கள். பின்னால் சான் பிரான்சிஸ்கோவிலும் ஆன் ஆர்பர் நகரத்திலும் ஜிபிஎஸ் தரவை வைத்துப் பார்த்தபோது, இடம் தேடிச் சுற்றிய பயணங்கள் நூற்றுக்குப் பத்துகூட வரவில்லை. அதற்காகச் சுற்றுவதே இல்லை என்றாகிவிடாது. லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட்வுட் வில்லேஜ் கடைவீதியில் ஷூப் அளந்தபோது ஒருவர் சராசரியாக 3.3 நிமிடம்தான் தேடினார், தனி ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஓர் இடத்தில் ஒரு நாளில் பல கார்கள் மாறி மாறி நிற்பதால், அந்த 15 தெருக்கட்டங்களில் மட்டும் ஆண்டுக்கு 9,50,000 மைல் வீண் ஓட்டம் சேர்ந்தது. கடைவீதிகளில் தேடல் உண்மையான தொல்லை; ஆனால் நகரத்தை உருமாற்றும் சக்தி தேடலில் இல்லை, நில ஒதுக்கீட்டில் இருக்கிறது.

தேடலைக் குறைக்கும் வழியும் ஒதுக்கீட்டுக்குள்தான் அடங்கியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 2011இல் ‘எஸ்எஃப்பார்க்’ என்ற சோதனையைத் தொடங்கியது. தெருவோர இடங்களில் 60 முதல் 80 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும், அதாவது எந்தத் தெருவிலும் ஓரிரு இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. நிரம்பி வழியும் தெருவில் கட்டணத்தைச் சிறிது ஏற்றினார்கள், காலியாகக் கிடக்கும் தெருவில் இறக்கினார்கள். சில வாரங்கள் பார்த்துவிட்டு மறுபடியும் அதே வேலை. மணிக்கு 25 சென்ட் முதல் 6 டாலர் வரை போக அனுமதி. நகராட்சி பணம் பிடுங்க வழி தேடுகிறது என்று பலர் கோபப்பட்டார்கள். முடிவில் சோதனைப் பகுதியின் சராசரி மீட்டர் கட்டணம் மணிக்கு 2.69 டாலரிலிருந்து 2.58 டாலராகக் குறைந்திருந்தது, இடம் தேடும் நேரமும் 43 சதவீதம் குறைந்தது. ஒரு தெரு நிரம்பி வழியும்போது அடுத்த திருப்பத்தில் இடம் காலியாகக் கிடந்தது. இதுவரை ஓட்டுநருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, இப்போது விலை சொன்னது.

கட்டாயத்தை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்? லண்டன் 2004இல் குறைந்தபட்ச விதியைக் கைவிட்டு, இதற்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பைக் கொண்டுவந்தது. அதற்குமுன் ஒரு வீட்டுக்கு 1.1 என்றிருந்த நிறுத்துமிடம் பிறகு 0.63 ஆனது. அதாவது கட்டுகிறவர்கள் அதுவரை விதிக்காகவே கட்டிக்கொண்டிருந்தார்கள். லண்டனுக்குச் சுரங்க ரயில் இருக்கிறது, அதனால் சரி என்று சொல்லலாம். ஆகவே பஃபலோவைப் பார்ப்பது நல்லது: நியூயார்க் மாநிலத்தின் பனி கொட்டும் பழைய தொழில் நகரம், பத்து கிலோமீட்டர் அளவில் ஒரே ஒரு ரயில் தடம். 2017இல் நகரம் முழுவதற்கும் பார்க்கிங் கட்டாயத்தை ரத்து செய்தது. அதன்பின் வந்த பெரிய கட்டுமானங்களில் 47 சதவீதம் பழைய விதி கேட்டதைவிடக் குறைவாகவே இடம் விட்டன. கடையும் வீடும் கலந்த கட்டடங்கள் பழைய அளவில் பாதிக்கும் குறைவாகவே கட்டின. வெறும் அலுவலகம், வெறும் குடியிருப்பு என்று ஒற்றைப் பயன்பாட்டில் எழுந்தவை பழைய அளவையோ அதற்கு மேலோ கட்டின. காரை ஒழித்துவிட்டார்கள் என்ற கூச்சலுக்கு இதில் இடமில்லை. தேவைப்பட்டவர் கட்டிக்கொண்டார், தேவைப்படாதவர் அந்த நிலத்தில் வேறொன்றைக் கட்டினார், அவ்வளவுதான்.

எதிர்ப்பு முதலில் வருவது கடைக்காரர்களிடமிருந்து. வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் எங்கே வருவார்? கேள்வியில் நியாயம் உண்டு, ஆனால் அதன் அடியில் இருக்கும் கணக்கு தவறாக இருக்கிறது. பெர்லினில் கோட்புஸர் டாம், ஹெர்மன்ஸ்ட்ராஸ என்ற இரண்டு வணிக வீதிகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், வாடிக்கையாளர்களில் 21.6 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது அது 6.6 சதவீதம். வாரத்து வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு காரில் வராதவர்களுடையது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விவரம் இன்னொன்று: தானே காரில் கடைக்கு வரும் முதலாளிதான் வாடிக்கையாளரும் காரில் வருவதாக மிகைப்படுத்திச் சொன்னார். அதே சமயம் கட்டணம் என்ற பெயரில் காசை வாங்கிக்கொண்டு நகராட்சிக் கஜானாவில் போட்டுவிட்டால் எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். கலிஃபோர்னியாவின் பசடீனா நகரம் தன் பழைய கடைவீதியில் 1993இல் மீட்டர் வைக்கப் போனபோது இதுதான் நடந்தது. வரும் பணம் அந்த வீதிக்கே செலவாகும் என்று உறுதி கொடுத்த பிறகு எதிர்ப்பு அடங்கியது. நடைபாதை, விளக்கு, மரம், துப்புரவு எல்லாம் அந்த மீட்டர் காசில் நடந்தன, பாழடைந்து கிடந்த வீதிக்கு மறுபடியும் ஆட்கள் நடந்து வரத் தொடங்கினார்கள்.

இரண்டாவது எதிர்ப்பு நம் ஊரில் அதிகம் கேட்பது: கட்டணம் ஏழையைத்தான் அடிக்கும். இந்தியாவில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு எட்டு அளவில்தான் என்கிறது 2019–21இன் தேசியக் குடும்ப நல ஆய்வு. தெருவோரத்தை இலவசமாக விடுவது அந்த எட்டுக் குடும்பங்களுக்கு மீதித் தொண்ணூற்றிரண்டு பேர் கொடுக்கும் மானியம். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் கணக்கு வேறு. அவை குடும்பங்களில் ஏறத்தாழ பாதியிடம் இருக்கின்றன, ஒரு கார் பிடிக்கும் இடத்தில் ஐந்தாறு நிற்கும். அவற்றுக்குக் காரின் கட்டணத்தைப் போடுவது அநியாயம், போடவும் தேவையில்லை. மானியம் வேண்டும் என்றால் மாற்றுத்திறனாளிக்கு இடம் ஒதுக்கலாம், நோயாளிக்கு விலக்கு தரலாம்; ஊர் முழுக்க இலவசமாக்குவது அவர்களுக்கு உதவவும் செய்யாது, ஏனென்றால் இலவச இடத்தை முதலில் வந்தவர் காலை முதல் மாலை வரை பிடித்துவைத்திருப்பார். இந்தியாவின் 2006ஆம் ஆண்டு தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே, வாகனம் பிடித்திருக்கும் நிலத்தின் மதிப்பைக் காட்டும் அளவுக்குப் பார்க்கிங் கட்டணம் உயர வேண்டும் என்கிறது. அதே சமயம் நம் கட்டட விதிகள், 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உட்பட, கட்டுகிறவர் இத்தனை வாகனங்களுக்கு இடம் விட்டாக வேண்டும் என்றுதான் கேட்கின்றன. ஒரு கை தள்ளுகிறது, மறு கை இழுக்கிறது. கீழ்த்தளத்தில் விதிக்காகக் கட்டிய இடம் காலியாக இருக்க, வெளியே நடைபாதையில் கார் நிற்பதற்குக் காரணம் ஒழுக்கக் குறைவு மட்டுமல்ல. வெளியே நிற்பது சும்மா கிடைக்கிறது.

முதலில் பேருந்தை அதிகமாக்குங்கள், பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசலாம் என்பது மூன்றாவது எதிர்ப்பு, மூன்றிலும் வலுவானது. பேருந்து இல்லாத ஊரில் பார்க்கிங்கை மட்டும் இறுக்கினால் மக்கள் திண்டாடுவார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வரிசை இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. பேருந்து தாமதமாவதற்கு ஒரு பெரிய காரணமே சாலையின் இரண்டு ஓரங்களிலும் நிற்கும் கார்கள். டோக்கியோவில் பொதுப் போக்குவரத்தும் பார்க்கிங் கட்டுப்பாடும் கூடவே வளர்ந்தன. ஜப்பான் 1962இல் ஒரு சட்டம் போட்டது: தெருவில் அல்லாத இடத்தில் காரை நிறுத்த வசதி இருப்பதாகக் காவல் நிலையத்தில் சான்று வாங்காமல் காரைப் பதிவு செய்ய முடியாது. அந்த இடம் இன்றைய விதிப்படி வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பொதுத் தெருவில் ஒரே இடத்தில் 12 மணி நேரத்துக்கு மேலோ, இரவில் 8 மணி நேரத்துக்கு மேலோ காரை விட்டுவைப்பது குற்றம். டொயோட்டாவையும் ஹோண்டாவையும் உலகுக்கு விற்கும் நாடு உள்ளூரில் போட்டிருக்கும் சட்டம் இது என்பதைக் கவனிக்க வேண்டும். கார் வாங்குவதை அது தடுக்கவில்லை. காரின் விலையோடு நிலத்தின் விலையையும் வாங்குகிறவரே பார்க்கும்படி செய்தது. டோக்கியோவின் குறுகிய சந்துகளில் குழந்தைகள் தனியாகப் பள்ளிக்கு நடந்து போக முடிவதற்கு, அந்தச் சந்துகளின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்காததும் ஒரு காரணம். இன்று அந்த நகரத்தில் இரண்டு குடும்பங்களுக்கு ஒரு கார்கூடக் கணக்கில் வராது.

இதுவரை சொன்னது வந்து நிற்கும் வாகனத்தைப் பற்றி. இப்போது பழக்கமே மாறிவருகிறது. செயலியில் அழைத்த கார் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது, அதற்குப் பார்க்கிங் தேவையில்லை. ஆகவே நிறுத்துமிடங்கள் தானாகவே பூங்காக்களாகிவிடும் என்று பத்து ஆண்டுகளுக்கு முன் நிறைய எழுதினார்கள். நிற்காத கார் எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கவில்லை. டென்வரில் அலெஹாண்ட்ரோ ஹெனாவ் என்ற ஆய்வாளர் தானே ஊபர், லிஃப்ட் ஓட்டுநராகிக் கணக்கெடுத்தார். ஆள் தேடிப் போகும் வெற்று ஓட்டத்தையும், இந்தச் சேவை இல்லாவிட்டால் நடந்தோ பேருந்திலோ போயிருப்பவர்களையும் சேர்த்துப் பார்த்தால், சாலையில் ஓட்டம் 83.5 சதவீதம் கூடியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 2010க்கும் 2016க்கும் இடையில் வேலை நாட்களின் நெரிசல் தாமதம் 62 சதவீதம் ஏறியது. இந்தச் சேவைகள் இல்லாதிருந்தால் 22 சதவீதம்தான் ஏறியிருக்கும் என்று எர்ஹார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மாதிரி வைத்துக் காட்டினார்கள். நிற்பதற்கு மட்டும் விலை வைத்து, ஓடுவதற்கு வைக்காத நகரத்தில் ஓடிக்கொண்டே இருப்பது லாபம்.

ஓட்டுநரில்லாக் கார்கள் பெருகும்போது இது முற்றிவிடும். இப்போது ஓட்டுநரின் அலுப்பும் கூலியும்தான் சுற்றலுக்கு வரம்பு. அவை போய்விட்டால், நடுநகரில் மெதுவாக ஊர்ந்து சுற்றுவதற்கு மணிக்கு சுமார் 50 சென்ட்தான் செலவாகும் என்று அதே மில்லார்ட்-பால் 2019இல் கணக்கிட்டார். அந்த விலைக்கு எந்த நகரத்திலும் பார்க்கிங் கிடைக்காது. இன்னும் மோசம், மெதுவாகப் போனால் செலவு குறைவு என்பதால் நெரிசலை உண்டாக்குவதே அந்தக் கார்களுக்கு ஆதாயம். அவருடைய மாதிரியில் 2,000 கார்கள் சேர்ந்தாலே சான் பிரான்சிஸ்கோ நடுப்பகுதியின் வேகம் மணிக்கு 2 மைலுக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே பார்க்கிங்குக்கு விலை வைக்கும் வாதம் பாதியில் நிற்க முடியாது. நகரத்தின் தரையை ஒரு வாகனம் பிடித்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், நின்றாலும் ஓடினாலும், கணக்கு எழுதப்பட வேண்டும். சிங்கப்பூர் 1975இலேயே நடுப்பகுதிக்குள் நுழையக் கட்டணம் வைத்தது, லண்டன் 2003இல், ஸ்டாக்ஹோம் 2006இல் சோதித்துவிட்டு அடுத்த ஆண்டு நிரந்தரமாக்கியது. இவற்றில் பெரும்பாலானவை எல்லையைத் தாண்டுவதற்கான கட்டணங்கள். நியூயார்க் 2025 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில், மன்ஹாட்டனின் தெற்குப் பகுதிக்குள் பகலில் நுழையும் காருக்கு 9 டாலர், நாளுக்கு ஒருமுறைதான். செயலி வண்டிக்குப் பயணி ஏறும் ஒவ்வொரு பயணத்துக்கும் 1.50 டாலர். நாளை ஒருவர் தன் ஓட்டுநரில்லாக் காரில் வந்து அலுவலகத்தில் இறங்கிக்கொண்டு, சாயங்காலம் வரை சுற்றிக்கொண்டிரு என்று அதை அனுப்பிவிட்டால் அந்த 9 டாலரோடு கணக்கு முடிந்தது. மன்ஹாட்டனில் ஒரு நாள் முழுக்கக் காரை நிறுத்துமிடத்தில் விட்டுவைக்க இப்போதே அதைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள்.